ஏழாம் நம்பர் தூண்

செம்பூர்
02.07.2025, புதன்கிழமை

ரோட்டர்டாமில் இருக்கும் ஸ்ரீதேவிக்கு, மூன்றாம் மாடி பாகீரதி மாமி எழுதுகிறேன். நீயும் மாதவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். நாங்களும் அப்படியே இருக்கிறோம் என்று அடுத்த வரி எழுதத்தான் கை பழகியிருக்கிறது. இந்த முறை அதை எழுதவில்லை.

நான்கு வருஷம் கழித்து மாமிக்கு என்ன திடீர் ஞாபகம் என்று நினைப்பாய். உன் இமெயில் விலாசத்தை மானசாவிடம் கேட்டு வாங்கினேன். பிறந்தநாள் வாழ்த்து அனுப்ப வேண்டும் என்று அவளிடம் பொய் சொன்னேன். பெங்களூரில் தனியாக இருக்கும் என் பெண்ணைக் கலங்க வைக்க எனக்கு மனசில்லை. இந்தக் கடிதத்தைப் பற்றி அவளிடம் பேசாதே. உன் போன் நம்பரும் கொடுத்தாள். ஆனால் போனில் பேசினால் பாதியில் அழுதுவிடுவேன். அதனால்தான் காகிதத்தில் எழுதி, நானே மொபைலில் படம் பிடித்து அனுப்புகிறேன். எழுத்து கோணலாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்.

நம் கட்டிடம் விழப்போகிறது என்று மாமா சொல்கிறார்.

உனக்கு நினைவிருக்கும். நீயும் மானசாவும் காலேஜில் சேர்ந்த வருஷம், கீழே பார்க்கிங்கில் தூண்களிலிருந்து காரை பெயர்ந்து விழுந்து கம்பி வெளியே தெரிந்தது. மாமா அப்போது தன் காலேஜ் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு புதுக் கலவை செய்துகொண்டிருந்தார். அனல்மின் நிலையத்துச் சாம்பலும் இரும்பு ஆலைக் கசடும் சேர்ந்தது. குப்பைமேட்டுக்குப் போவதை வைத்துப் பழைய கட்டிடங்களைப் பிழைக்க வைக்கலாம் என்பது அவருடைய எத்தனையோ வருஷத்து ஆசை. நம் சொசைட்டிக்கு அதை இலவசமாகவே கொடுத்தார். நான்கு தூண்களுக்குத் தானே பக்கத்தில் நின்று பூச வைத்தார். உன் அப்பாதான் அப்போதும் செக்ரெட்டரி. தாராவிக் கடையை இரண்டு நாள் சாத்திவிட்டு, ஆட்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டு கூடவே நின்றார். பம்ப் ரூமை ஒட்டி இருக்கிறதே, அது ஏழாம் நம்பர் தூண். அதன் படம் மாமாவின் ஆராய்ச்சிக் கட்டுரையில் அச்சாகி வந்தது. நான் அதைக் கொலுப்படியில் வைக்காத குறைதான்.

மே மாதக் கடைசியில் அந்தத் தூணைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். வருஷா வருஷம் செய்வதுதான். பூசிய இடம் கிண்ணென்று இருந்தது. அதற்கு ஒரு முழம் மேலே, பழைய கான்கிரீட்டில், காலி டப்பாவைத் தட்டிய மாதிரி சத்தம் வந்தது. கம்பியின் துருவை அளக்கும் மீட்டர் கொண்டுவந்து மூன்று நாள் அளந்தார். கடைசியில் கையளவு இடத்தை உடைத்துப் பார்த்தார். கட்டைவிரல் தடிமன் இருக்க வேண்டிய கம்பி பென்சில் அளவுக்கு ஆகியிருந்தது.

நான் படித்தது பி.ஏ. எகனாமிக்ஸ். எனக்குப் புரிகிற மாதிரி அவர் சொன்னதை உனக்கு எழுதுகிறேன். கட்டிடம் கட்டியவர்கள் அந்தக் காலத்தில் உப்பு மணலைக் கலந்துவிட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட தூணில் ஓரிடத்தை மட்டும் செதுக்கி எடுத்து நல்ல கலவையைப் பூசினால், அதற்குள் இருக்கும் கம்பி பிழைத்துக்கொள்ளும். ஆனால் அதே கம்பிதான் மேலேயும் கீழேயும் உப்புக் கான்கிரீட்டுக்குள் போகிறது. பூச்சுக்குள் இருக்கும் பகுதி பத்திரமாக இருக்க இருக்க, அதை ஒட்டி வெளியே இருக்கும் பகுதியைத் துரு இரண்டு பங்கு வேகத்தில் தின்னுமாம். இது யாருக்கும் தெரியாத சங்கதி இல்லை, அன்றைக்கே நான் படித்திருந்தேன், என் கலவைக்கு அப்படி வராது என்று நம்பிவிட்டேன் என்றார். சொல்லிவிட்டுச் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டார். அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

ஜூன் எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை சொசைட்டி மீட்டிங். எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் சொன்னார். தப்பு என்னுடையது, கட்டிடத்தை உடனே காலி செய்யுங்கள் என்றார். தன் தப்பை ஒருவன் தானே ஒப்புக்கொண்டால் ஜனங்கள் நம்புவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். நடந்தது தலைகீழ். நாலாம் மாடி சாய்நாத், "அப்போ தப்புன்னா இப்போ மட்டும் கரெக்டுன்னு என்ன கேரண்டி சார்? பில்டரோட ஏதாவது செட்டிங்கா?" என்றார். உன் அப்பா அவ்வளவு தூரம் போகவில்லை. "ஐயரே, அன்னைக்கு நூறு வருசம் நிக்கும்னீரு. இன்னைக்கு நாளைக்கே விழுந்துரும்ங்கீரு. நாங்க எதத்தாம்வே நம்ப?" என்று மட்டும் கேட்டார்.

உன் அப்பாவைக் குற்றம் சொல்ல நான் இதை எழுதவில்லை, ஸ்ரீதேவி. அவருடைய பயமும் நியாயமான பயம்தான். உன் அத்தான் மாரீஸ்வரன் குடும்பம், இரண்டே வருஷத்தில் புது வீட்டுச் சாவி என்ற பில்டர் பேச்சை நம்பிப் பழைய வீட்டைக் காலி செய்துவிட்டு, மான்குர்த்தில் தற்காலிகக் குடியிருப்பில் பதினோராவது வருஷத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறது. வெளியே போனவன் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை என்பது உன் அப்பாவின் கட்சி. வேறொரு இன்ஜினியரைக் கூட்டி வந்தார்கள். அவர் ரிப்பேர் செய்தால் போதும் என்று எழுதிக் கொடுத்தார். அதைக் காட்டித்தான் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். மாமா தன் செலவில் அந்தத் தூணைச் சுற்றி இரும்பு முட்டுகளை நிறுத்தினார். அது நிரந்தரம் இல்லை, இறங்கி ஓடுவதற்குக் கொஞ்சம் நேரம் கொடுக்கும், அவ்வளவுதான் என்றார்.

பிறகு மழை பிடித்தது. வாதத்தில் தோற்ற மாமாவுக்குப் பதிலாகக் கட்டிடமே பேச ஆரம்பித்துவிட்டது. என் சமையலறை அலமாரியில் உப்பு ஜாடியின் மூடிமேல் தினமும் காலையில் ஒரு சிட்டிகை மணல் இருக்கிறது. துடைத்தால் மறுநாள் மறுபடியும். சாய்நாத் வீட்டுக் குளியலறையில் டைல்ஸ் பட்டாசு மாதிரி வெடித்து எழும்பியது. மறுநாளே அவர் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டார். ஒவ்வொரு வீடாகப் பூட்டு விழுந்தது. பதினாறு வீட்டில் இப்போது இருப்பது இரண்டு. எங்கள் வீடு, எங்களுக்கு நேர் கீழே உன் வீடு.

போன வாரம் உன் அப்பா தச்சரைக் கூப்பிட்டுச் சமையலறைக் கதவின் அடியை இழைக்கச் சொன்னார். கதவு சாத்த முடியவில்லையாம். மழைக்கு மரம் ஊதிருக்கு என்று தச்சரிடம் சொல்லிக்கொண்டிருந்தது படியில் இறங்கும்போது என் காதில் விழுந்தது. மரம் ஊதவில்லை, ஸ்ரீதேவி. நிலைதான் இறங்கியிருக்கிறது. அதற்கு நேர் கீழேதான் ஏழாம் நம்பர் தூண் இருக்கிறது. அந்தச் சமையலறையில்தான் அவர் தினமும் தனக்குச் சோறு வடிக்கிறார்.

நான் போய்ச் சொல்லிப் பார்த்தேன். நீயும் மாதவும் முதலில் பேசிக்கொண்டது எங்கள் வீட்டில் என்பதால் நான்கு வருஷமாக அவர் எங்கள் வாசலை மிதிப்பதில்லை. ஆனாலும் என்னை உட்காரச் சொன்னார். டோம்பிவிலியில் என் தம்பி சுப்ரமணியனின் இன்னொரு ஃப்ளாட் காலியாக இருக்கிறது, எங்களோடு வாருங்கள் அண்ணாச்சி என்றேன். தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பிறகு, "எல்லாரும் போங்க. நானும் போயிட்டா, வர்ற பிள்ள எந்த வாசல்ல வந்து நிக்கும்?" என்றார். உன் பெயரை அவர் சொல்லவில்லை. இந்த நான்கு வருஷத்தில் அவர் உன்னைப் பற்றி என்னிடம் பேசியது இந்த ஒரு வாக்கியம்தான்.

இப்போது மாமாவைப் பற்றி. இதை எழுத வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன், நான்கு பக்கம் சுற்றி வளைத்துவிட்டேன்.

தூணின் விரிசலுக்குக் குறுக்கே சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளை ஒட்டி வைத்திருக்கிறார். விரிசல் அகலமானால் கண்ணாடி உடையும். நேற்று செவ்வாய்க்கிழமை இரண்டு உடைந்தன. தினமும் காலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் அந்தத் தூணுக்கு எதிரே உட்கார்ந்துவிடுகிறார். வெளிச்சம் போகும்வரை அங்கேயேதான். என்னை டோம்பிவிலிக்குப் போ, போ என்கிறார். நீங்கள் எப்போது வருவீர்கள் என்றால், அண்ணாச்சி இறங்கட்டும், கடைசி ஆள் இறங்கின பிறகு வருகிறேன் என்கிறார். நான் போகவில்லை. நான் போய்விட்டால் அவரை மேலே கூப்பிட ஆளில்லை.

முந்தாநாள் என் மாத்திரைகளின் பெயர்களை ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். எந்த டாக்டர், எந்த நாள் என்றெல்லாம் எழுதியிருந்தது. கேஸ் புக் எங்கே, மானசாவின் சர்டிபிகேட்டுகள் எந்தப் பெட்டியில் என்று காட்டினார். இதெல்லாம் இப்போ எதுக்குச் சொல்றேள் என்று கேட்டேன். தெரிஞ்சு வெச்சுக்கோயேன் என்றார். முப்பத்திரண்டு வருஷமாக என் மாத்திரையை எனக்கு ஞாபகப்படுத்துவது அவர்தான். அதற்கு மேல் இதைப் பற்றி நான் எழுத மாட்டேன். எழுதினால் அது நிஜமாகிவிடும்.

நீ உன் அப்பாவுக்கு ஒரு போன் செய். தூணைப் பற்றிப் பேசாதே, அவர் வாதம் பண்ணுவார். யார் பக்கம் தப்பு என்று பழையதைக் கிளறாதே. நீ வந்தால் எந்த வாசலுக்கு வருவாய் என்பதை மட்டும் அவருக்குச் சொல். அது டோம்பிவிலியாக இருந்தாலும் வருவேன் என்று சொல். அவர் இறங்கினால் இரண்டு பேர் இறங்குவார்கள்.

உன்னைக் கைகூப்பிக் கேட்கும்
பாகீரதி மாமி


டோம்பிவிலி
17.07.2025, வியாழக்கிழமை

ஸ்ரீதேவிக்கு, இந்தத் தடவை சுப்ரமணியன் வீட்டு மேஜையிலிருந்து மாமி எழுதுகிறேன். எங்கள் மூன்று பேருக்கும் உயிர் இருக்கிறது. நீ தினமும் அப்பாவோடு பேசுகிறாய் என்றாலும், அவர் உன்னிடம் எதைச் சொல்லியிருப்பார், எதை விழுங்கியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அதனால் நடந்ததை நான் எழுதுகிறேன்.

நீ போன் செய்த மூன்றாம் நாள், சனிக்கிழமை மத்தியானம், உன் அப்பா ஒரு பையும் குக்கரும் சொசைட்டி ரிஜிஸ்டர்கள் அத்தனையுமாகப் படியிறங்கினார். நான் பின்னாலேயே எங்கள் பெட்டியோடு இறங்கினேன். மாமா நாற்காலியில் இருந்தார். "ஐயரே, எந்திரியும். மவ ஏசுதா" என்றார் அண்ணாச்சி. மாமா சிரித்தார். நீங்கள் முன்னால் போங்கள், நான் கண்ணாடியை ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். குரல் ரொம்பச் சாதுவாக இருந்தது. அந்த மாத்திரை அட்டைதான் எனக்கு ஞாபகம் வந்தது.

உன் அப்பா அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பையைக் கீழே வைத்தார். பம்ப் ரூம் படியில், அந்தத் தூணுக்கு ஒரு கை தூரத்தில், சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஐயரே, நீர் வருகிற வரைக்கும் நானும் இங்கேதான் என்றார். ஒருவரைக் காப்பாற்ற உனக்கு எழுதப் போய், இரண்டு பேரையும் அதற்கு அடியிலேயே உட்கார வைத்துவிட்டேனே என்று நான் அடித்துக்கொண்டேன். வெளியே கொட்டு கொட்டென்று மழை. மேலே எங்கோ கறக், கறக் என்று சத்தம் கேட்டது. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை.

அண்ணாச்சி கத்தவில்லை. மெதுவாகத்தான் பேசினார். "நீரு அன்னைக்குப் பூசலைன்னா இது என்னைக்கோ விழுந்திருக்கும்வே. பதினொரு வருசம் எங்கள நிக்க வச்சிருக்கீரு" என்றார். மாமாவுக்கு எந்த நிலைமையிலும் தப்பான கணக்கைப் பொறுக்க முடியாதே. அது உண்மையில்லை அண்ணாச்சி, நான் பூசினதாலேதான் சீக்கிரம் போயிடுத்து என்று விளக்க ஆரம்பித்தார். "உண்மையில்லன்னா இருந்துட்டுப் போவட்டும். எந்திரியும்" என்று உன் அப்பா எழுந்து அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். ஸ்கூலுக்குப் போகமாட்டேன் என்று அடம் பிடிக்கிற பிள்ளையை இழுக்கிற மாதிரித்தான் இழுத்தார். கேட்டுக்கு வெளியே வந்த பிறகும் கையை விடவில்லை. ரயிலில் குர்லா தாண்டியும் விடவில்லை.

ஐந்து நாள் கழித்து, வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, உங்கள் வீட்டுச் சமையலறைத் தளம் விழுந்தது. அதோடு அந்த வரிசையில் மேலும் கீழும் இருந்த சமையலறைகளும், எங்களுடையதும். சாய்நாத் போன் செய்தார். எதிர் டீக்கடையில் நின்று பார்த்தாராம். உங்கள் கேஸ் அடுப்பு குழாயோடு அந்தரத்தில் தொங்குகிறது என்றார். உள்ளே ஒருவரும் இல்லை. அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டேன். பதினொரு மணி உன் அப்பா சோறு வடிக்கிற நேரம்.

மாமாவிடம் சொன்னேன். நான் சொன்னது சரியாகப் போச்சு என்று அவர் முகத்தில் ஒரு கோடுகூட இல்லை. ஒரு காகிதத்தை எடுத்து எழுதத் தொடங்கினார். அவருடைய கலவையைப் பூசிய மற்றக் கட்டிடங்களின் பட்டியல். மொத்தம் பதினான்கு. எனக்கு அதுவரை தெரியாது. நம் கட்டிடம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் எனக்கு வந்த பயம், அந்தத் தூணுக்குப் பக்கத்தில் நின்றபோதுகூட வந்ததில்லை. ஒவ்வொன்றிலும் எத்தனை சமையலறை, எத்தனை பேர்.

மறுநாளிலிருந்து சுத்தியலையும் மீட்டரையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். உன் அப்பாவும் கூடப் போகிறார். மாமா வாசலில் நின்று மென்று விழுங்குவார். உன் அப்பா மராத்தியும் இந்தியும் கலந்து, அடுத்த கட்டிடத்துக்கும் கேட்கிற மாதிரி, எங்கள் வீடு விழுந்தது, போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசு என்பார். இதுவரை ஒன்பது பார்த்தாயிற்று. ஆறில் பயமில்லை. நல்ல மணலில் கட்டியவை, பூச்சும் கம்பியும் அப்படியே இருக்கின்றன. இரண்டில் பழுது ஆரம்பித்திருக்கிறது. அங்கே சொன்னதைக் கேட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கிவிட்டார்கள். மாமா இப்போது இரண்டு வேளை சாப்பிடுகிறார்.

ஒன்பதாவதுதான் நான் இதை எழுதக் காரணம். மாட்டுங்காவில் மாதவின் அப்பா, அம்மா இருக்கும் கட்டிடம். உன் மாமனார் குல்கர்ணி சார் மாமாவோடு ஒரே டிபார்ட்மெண்டில் இருந்தவர் இல்லையா, அந்த நட்பில் அவர் கேட்டு வாங்கிப் பூசியது. உங்கள் கல்யாணத்துக்குக்கூட வராத உன் அப்பா நேற்று அந்த வீட்டு வாசலில் போய் நின்றார். அவர்கள் மரியாதைக் குறைவாக நடக்கவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். கீழே இரண்டு தூண்களில் அதே காலி டப்பாச் சத்தம். ஒன்றில் கம்பி தெரிகிற அளவுக்கு விரிசல். மாமா விளக்கினார். குல்கர்ணி சாருக்கு எல்லாம் புரிந்தது, அவரும் இன்ஜினியர்தானே. ஆனால் கணபதி பண்டிகை வருகிறது, வீட்டில் விக்கிரகம் வைப்பது நாற்பது வருஷத்து வழக்கம், அது முடிந்ததும் பார்க்கலாம் என்றார்.

உன் அப்பா எழுந்து கைகூப்பினாராம். மாமா வந்து சொன்னார். "என் மவளுக்கு இந்த ஊர்ல ரெண்டு வீடு இருந்துச்சு. ஒண்ணு போயிட்டு. இத நான் விடமாட்டேன்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, அது அவர்களுக்குப் புரியாது என்று ஞாபகம் வந்து, மறுபடி இந்தியில் சொன்னாராம். குல்கர்ணி சார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் கணபதிக்கு அப்புறம்தான் என்றே சொன்னார். கணபதிக்கு இன்னும் நாற்பது நாள் இருக்கிறது. வருகிற வாரம் பெரிய மழை என்று எச்சரிக்கை கொடுத்திருக்கிறார்கள்.

அவர்கள் எங்கள் பேச்சைக் கேட்கமாட்டார்கள், ஸ்ரீதேவி. பழைய வருத்தம், பழைய நட்பு, இரண்டும் நடுவில் நிற்கின்றன. மாதவ் பேச வேண்டும். ஞாயிற்றுக்கிழமைதான் அம்மாவோடு பேசுவான் என்று மானசா சொன்னாள். அதுவரை வைத்துக்கொள்ள வேண்டாம், இதைப் படித்த உடனே பேசச் சொல். வேலையில் இருந்தால் எழுந்து வெளியே போய்ப் பேசட்டும்.

மானசாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாமா எழுதிக் கொடுத்த மாத்திரை அட்டையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அதை நீயும் மறந்துவிடு.

நீங்கள் இருவரும் நூறு வயது இருக்க வேண்டும். உன் மாமனார் மாமியாரும், உன் அப்பாவும், மாமாவும், எல்லோருமே இருக்க வேண்டும். அவர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, அழுதாலும் பரவாயில்லை, முதலில் அவர்களை வெளியே வரச் சொல்லுங்கள். மற்றதையெல்லாம் வெளியே நின்று பேசிக்கொள்ளலாம்.

உன் பதிலுக்காகப் போனைக் கையிலேயே வைத்திருக்கும்
பாகீரதி மாமி